வேலைக்குப் போய்க்கொண்டே கல்வெட்டு படிக்கப் பழகுவது எப்படி

கோயில் சுவரில் இருப்பதைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். தமிழ் எழுத்து காலந்தோறும் மாறிய அட்டவணை ஒன்றை இணையத்தில் தேடி எடுப்பார்கள், அதில் முதலில் இருக்கும் தமிழி எழுத்தில் தங்கள் பெயரை எழுதிப் பார்ப்பார்கள், ஒரு வாரம் உற்சாகமாக ஓடும். அப்புறம் ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தால் படித்த எழுத்தில் ஒன்றுகூட அங்கே இருக்காது. அத்தோடு விட்டுவிடுவார்கள். தமிழி என்கிற தமிழ் பிராமி குகைத்தளங்களிலும் பானை ஓடுகளிலும் இருப்பது. நம் கோயில் சுவர்களில் இருப்பது பெரும்பாலும் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய எழுத்து. வரலாறு நடந்த வரிசையிலேயே நாமும் கற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே யாராவது படித்து அச்சில் ஏற்றிவிட்ட கல்வெட்டில் தொடங்குங்கள். நீங்களாகக் கல்லைப் பார்த்துப் படியுங்கள், பிறகு அச்சுப் பாடத்தை எடுத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால் பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலே வெகுதூரம் போகலாம். இது இல்லாவிட்டால் தப்பாகப் படித்ததையே சரி என்று நினைத்துக்கொண்டு சுற்றுவீர்கள். கீழே சொல்லும் திட்டம் முழுக்க இதை வைத்துத்தான்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

‘கல்வெட்டு கற்க வேண்டும்’ என்பது திட்டம் ஆகாது. ‘எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் தெற்குச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த சித்திரைக்குள் நானே படித்துச் சொல்ல வேண்டும்’ என்றால் திட்டம். சிலருக்கு ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும், சிலருக்குச் சோழர் காலத்து வரி பற்றி, சிலருக்கு ஜாதி, நிலம், தேவரடியார் என்று குறிப்பான ஒரு கேள்வி இருக்கும். சும்மா எழுத்தின் அழகுக்காக வருகிறவர்களும் உண்டு, அதுவும் நல்ல காரணம்தான். எதுவானாலும் எழுதி வையுங்கள். எந்தக் காலத்து எழுத்தைப் படிப்பது, எந்தப் புத்தகத்தை விட்டுவிடலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் முடிவாகும்.

கூடவே வாரத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று உண்மையான கணக்கு போடுங்கள். குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்வது, ராத்திரியில் அரை மணி நேரமாக நான்கு நாள், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில். இதற்கு மேல் திட்டம் போட்டால் ஐப்பசியில் மழை, தையில் பொங்கல், மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று உடைந்துகொண்டே போகும்.

எந்தக் காலத்தில் தொடங்குவது

10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையான சோழர் காலத் தமிழ் எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். ஏராளமாகக் கிடைக்கிறது, ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது, இன்றைய எழுத்துக்கு ஓரளவு பக்கத்திலும் இருக்கிறது. ட, ப, க போன்றவை பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டுவிடும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் அச்சான புத்தகங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம், ஏனென்றால் ணா, றா, னா, லை, னை எல்லாம் கொம்பும் சுழியுமாக ஒட்டிக்கொண்டு நின்றது அவர்களுக்குப் புதிதல்ல.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். அங்கே விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்து மாதிரி நேர்த்தியான எழுத்து வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. வடக்கே இருப்பவர்களுக்கு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது, குடவோலை முறை பற்றிய புகழ்பெற்ற கல்வெட்டு. இலங்கையில் இருப்பவர்களுக்குப் பொலன்னறுவையில் வேளைக்காரர் கல்வெட்டு உண்டு. இதெல்லாம் தூரம் என்றால் கவலை இல்லை, உங்கள் வட்டாரத்தில் சோழரோ பாண்டியரோ கட்டிய ஒரு கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், இருந்தால் போதும்.

விடைத்தாளைத் தேடிப் பிடிப்பது

‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்ற வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது, ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்தது. இரண்டாம் தொகுதி பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு உரியது. முதல் மூன்று தொகுதிகளிலும் தமிழ்ப் பாடத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருப்பதால் புதியவர்களுக்கு அவைதான் வசதி. பிந்திய தொகுதிகளில் பெரும்பாலும் வெறும் பாடம்தான். இவை தவிர மாநிலத் தொல்லியல் துறை நன்னிலம், கன்னியாகுமரி என்று வட்டார வாரியாகவும் தொகுதிகள் போட்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் துறை வெளியீடுகள் பலவற்றை இலவசமாகவே பார்க்கலாம்.

உட்கார்ந்து உங்கள் ஊர், பக்கத்து ஊர், பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் என்று பெயர்களை எழுதிக்கொண்டு, தொகுதிகளின் முன்பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பட்டியலில் தேடுங்கள். தொகுதியில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் எண் உண்டு, கோயிலில் எந்தச் சுவரில் எந்தப் பக்கம் என்ற குறிப்பும் உண்டு. பத்து வரிக்குள் முடிகிற, விளக்குக்கோ திருவமுதுக்கோ கொடை கொடுத்த, அதிகம் சிதையாத நான்கைந்து கல்வெட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு அவைதான் உங்கள் பாடநூல். பாடத்தை உடனே படித்துவிடாதீர்கள், எண்ணையும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுங்கள். ஆசை அடங்காதுதான், இருந்தாலும் மூடிவிடுங்கள்.

புத்தகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் எ. சுப்பராயலு பதிப்பித்து சாந்தி சாதனா வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதியும் தேடிப் பாருங்கள். அதற்கும் ஆறு மாதம் கழித்துத்தான் உண்மையான தேவை வரும்.

எழுத்து: இருப்பதைவிட இல்லாததுதான் சிக்கல்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். புது வடிவங்களை மனப்பாடம் செய்வது பெரிய காரியமே இல்லை, இரண்டு வாரத்தில் கை வந்துவிடும். கல்லில் நமக்குப் பழகிய பல விஷயங்கள் இல்லை என்பதுதான் படுத்தும்.

புள்ளி பெரும்பாலும் இருக்காது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, ஒகர ஓகாரத்துக்கும் அப்படியே. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், ஆக ‘தர’ என்று தெரிவது ‘தா’வாகவும் இருக்கலாம். ஐகாரத்துக்கு இரண்டு கொம்பு அடுத்தடுத்து நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, வரி முடிகிற இடத்தில் சொல் பாதியில் அறுந்து அடுத்த வரிக்குப் போகும். ந, ன இரண்டையும் வெட்டியவர் மனம்போல மாற்றிப் போட்டிருப்பார்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். கல்லில் இருப்பதை இன்றைய வடிவில் அப்படியே எழுதினால் இப்படி இருக்கும்:

மதிரைகொணடகொபபரகெசரிபநமறகுயாணடு௰௩ஆவது

முதலில் தலை சுற்றும். வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள். மதிரை கொணட, ‘கொண்ட’வாக இருக்க வேண்டும். கொபபரகெசரி, இரண்டு ப அடுத்தடுத்து வந்தால் முன்னது மெய், கொம்பு நெடிலாகவும் இருக்கலாம் என்றால் ‘கோப்பரகேசரி’, சோழ அரசர்களின் பட்டம். பநமறகு என்பது ‘பந்மற்கு’, அதாவது வர்மருக்கு. யாண்டு ௰௩ ஆவது, பதின்மூன்றாம் ஆட்சியாண்டு. மதுரையைக் கொண்ட கோப்பரகேசரி என்றால் முதலாம் பராந்தகன். அவன் ஆட்சி 907இல் தொடங்கியது, 13ஐக் கூட்டினால் 920. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் இதே பராந்தகனின் 12, 14ஆம் ஆண்டுகளில் வெட்டியவை, அதனால்தான் புத்தகங்களில் 919, 921 என்று பார்க்கிறீர்கள். ஒரே ஒரு வரியைப் பிரித்ததில் அரசனும் வந்துவிட்டான், ஆண்டும் வந்துவிட்டது.

எண்களை ஒரே மாலையில் முடித்துவிடலாம். ௧ பார்க்க க மாதிரி, ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இடமதிப்பு முறை கிடையாது, 26 என்றால் ௨௰௬, முந்நூறு என்றால் ௩௱. பின்னங்களில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரிகை முந்நூற்று இருபதில் ஒன்று என்று தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

வடமொழிக்கான கிரந்த எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வடமொழிச் சொல் வரும் இடத்தில் மட்டும் எழுத்து மாறும், அதிலும் திரும்பத் திரும்ப வருவது ஸ்வஸ்திஸ்ரீ, ராஜ, தேவ, பிரஹ்மதேய, மாஹேஸ்வர, ரக்ஷை போன்ற கொஞ்சச் சொற்கள்தான். அவற்றை எழுத்துக்கூட்டாமல் முழுச் சொல்லாகவே கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ, ஜ, ஹ, ஷ நமக்குத் தெரிந்த எழுத்துகளே, அவை அங்கிருந்து வந்தவைதான். கிரந்தத்தை முழுதாகப் படிப்பது வேறு வேலை, அது அப்புறம்.

தினமும் அரை மணி நேரத்தில் என்ன செய்வது? ஒரு கோடு போட்ட நோட்டில் வரிக்கு வரி பார்த்து எழுதுங்கள். பார்த்தபடி ஒரு வரி, அதன் கீழே புள்ளி வைத்துப் பிரித்து ஒரு வரி, அதன் கீழே பொருள். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கற்றதாகத் தோன்றும், கை எழுதாதவரை நிற்காது.

கல்வெட்டுக்கு ஒரு எலும்புக்கூடு உண்டு

கல்வெட்டு ஒரு பத்திரம். இன்றைய கிரயப் பத்திரத்தைப் போலவே அதற்கும் மாறாத அமைப்பு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி எழுத்து சிதைந்திருந்தாலும் என்ன வர வேண்டும் என்று ஊகிக்கலாம். தொடக்கத்தில் ஸ்வஸ்திஸ்ரீ. அடுத்து மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் புகழைச் சொல்லும் முன்னுரை, இருந்தால் அது: ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் இராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராஜேந்திரன். இந்தத் தொடக்கங்களைக் கொஞ்சம் மனப்பாடம் செய்து வைத்தால் சுவரைத் தொட்ட மாத்திரத்தில் காலம் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர்கள் அசந்துபோவார்கள். மெய்க்கீர்த்தி இல்லாமல் வெறும் இராஜகேசரி என்றோ பரகேசரி என்றோ மட்டும் இருந்தால் சிக்கல்தான். சோழர்கள் இந்த இரண்டு பட்டத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள், ஆதித்தனும் இராஜகேசரி, கண்டராதித்தனும் இராஜகேசரி, சுந்தரசோழனும் இராஜகேசரி. புதியவர்கள் அந்த வழக்கில் தலையிடாமல் இருப்பது நல்லது.

பிறகு ஆட்சியாண்டு, பிறகு வளநாடு, நாடு, ஊர், இறைவன் பெயர். அடுத்து யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காக, யார் பொறுப்பு. கடைசியில் ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. முடிவில் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’ (சிவனடியார்கள் பாதுகாப்பு) அல்லது இந்த அறத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்ற வாசகம், அல்லது கெடுத்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையில் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்ற சாபம்.

முதல் கல்வெட்டாக விளக்குக் கொடையை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான், அந்த வகை ஏராளமாக இருக்கிறது, எல்லாம் ஒரே அச்சு. ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு, ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், கிழடாகும், ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, குட்டி போடப் போட ஈடுகட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்டை ஏற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையன், நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளப்பான். இதில் ஒன்றைச் சரியாகப் படித்துவிட்டால் இன்னொரு ஊரில் இன்னொன்றைப் பாதி நேரத்தில் படிப்பீர்கள்.

அளவைகளையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு உழக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பொன்னுக்கு இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. நிலத்துக்கு இருபது மா ஒரு வேலி.

கோயிலுக்குப் போகும் ஞாயிறு

கை விளக்கு ஒன்று, நோட்டு, பென்சில், தண்ணீர், காலுறை. காலுறை எதற்கு என்றால் வெறுங்காலோடு சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து நிற்கப்போகிறீர்கள், பத்து மணிக்கு மேல் பிராகாரக் கல் அடுப்புதான்.

எழுத்து தெரிவதும் தெரியாததும் வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்தது. நேரே விளக்கடித்தால் சுவர் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. சுவரை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பிடியுங்கள், முன்பு மறைந்திருந்த கோடு தெரியும். இரண்டு கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கே இல்லாமல் சாய்ந்த வெயிலில் பார்ப்பதும் நன்றாக இருக்கும், எந்தச் சுவருக்கு எந்த நேரம் என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

சுண்ணாம்புப் பொடி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் பூசக்கூடாது. யாராவது பூசிக் காட்டினால் சண்டை போடாவிட்டாலும் எடுத்துச் சொல்லுங்கள். ஈரத் தாளை ஒட்டி மையடித்து மைப்படி எடுப்பது துறைக்காரர்களும் ஆய்வாளர்களும் அனுமதியோடு செய்கிற வேலை, பார்க்க ஆசையாக இருந்தால் அவர்கள் எடுக்கும்போது கூட நில்லுங்கள்.

போனதும் படிக்க ஆரம்பிக்காமல் முதலில் குருக்களிடமோ காவலரிடமோ, இன்னதற்காக வந்திருக்கிறேன், படம் எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். சில கோயில்களில் உள்ளே கூடாது, வெளிச்சுவர் பரவாயில்லை என்பார்கள். ‘புதையல் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கா சார்?’ என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார், சிரித்துக்கொண்டே ஆட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்வஸ்திஸ்ரீயைத் தேடுங்கள், கல்வெட்டு அங்கேதான் தொடங்குகிறது. அடித்தளத்தின் கீழ்ப்பட்டையான ஜகதியிலும் அதற்கு மேலுள்ள குமுதத்திலும் வரிகள் நீளமாக ஓடும், அரைத்தூண் குறுக்கே வந்தால் அதைத் தாண்டி மறுபக்கம் தொடரும், முப்பட்டைக் குமுதம் என்றால் மூன்று முகத்திலும் எழுத்து இருக்கும். நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு கல் தலைகீழாக நின்றால் ஆச்சரியப்படாதீர்கள், திருப்பணியில் பிரித்துக் கட்டியபோது இடம் மாறியிருக்கும். மணல்வீச்சு அடித்துச் சுத்தம் செய்த சுவராக இருந்தால் எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருக்கும், வயிற்றெரிச்சல்தான், வேறு சுவருக்குப் போங்கள்.

ஒரு காலைக்கு மூன்று வரி படித்தால் போதும். வீட்டுக்கு வந்து படங்களை வைத்து மிச்சத்தை எழுதி முடித்த பிறகுதான் அச்சுப் பாடத்தைத் திறக்க வேண்டும். எங்கெங்கே வேறுபடுகிறதோ அங்கே சிவப்பில் வட்டமிடுங்கள். மாதக் கடைசியில் வட்டங்களை மட்டும் பாருங்கள், எந்த எழுத்தை எதுவாகத் தொடர்ந்து தப்பாகப் படிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அடுத்த மாதத்துக்கான பாடம் அந்த எழுத்துதான். சில இடத்தில் நீங்கள் சரியாகவும் புத்தகம் தப்பாகவும் இருக்கும், பதிப்பித்தவர்களும் மனிதர்கள்தானே, ஆனால் முதல் ஆறு மாதம் புத்தகத்தையே நம்புங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

பத்து வரிக் கல்வெட்டில் நான்கைந்து வட்டத்துக்கு மேல் வரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வருகிறது என்றால் இன்னொரு விளக்குக் கொடை, இன்னொரு கோயில், அவசரம் ஒன்றும் இல்லை.

அடுத்து எது என்பது முதலில் எழுதிய அந்த ஒரு வரியைப் பொறுத்தது. மதுரை, நெல்லைப் பக்கம் இருப்பவர்கள் வட்டெழுத்தை, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட இன்னொரு பழைய எழுத்தை, எடுக்கலாம், மதுரை ஆனைமலையிலும் அம்பாசமுத்திரத்திலும் 8, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருந்திருக்கின்றன, பாடங்களும் அச்சில் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் நடுகற்கள். தமிழி வேண்டும் என்பவர்களுக்கு மாங்குளம், புகலூர், ஜம்பை. தமிழிக் கல்வெட்டுகள் சிறியவை, எழுத்தும் கொஞ்சம்தான், ஆனால் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பொருள் காண்பது பெரும்பாடு. அந்தத் துறையில் பெரிய பெயரான ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டேதான் அதில் இறங்கினார் என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு. சோழர் காலத்திலேயே தங்கி, நிலம், வரி, நீர்ப்பாசனம் என்று உள்ளடக்கத்தில் ஆழமாகப் போவதும் நல்ல வழி. எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது. இரண்டை ஒன்றாக எடுக்க வேண்டாம்.

முறையாகப் படிக்க விரும்பினால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறையே இருக்கிறது, தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் பட்டயப் படிப்பு நடத்தியிருக்கிறது. சேர்க்கை எப்போது, வகுப்பு எந்தக் கிழமை என்று நேரில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பைவிட அதிகம் உதவுவது கூட வருகிற ஒருவர். ஒரே வரியை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துவிட்டுச் சண்டை போட்டால் கற்கிற வேகமே வேறு.

கடைசியாக ஒன்று. சுற்றிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் எந்தத் தொகுதியிலும் இல்லாத எழுத்து கண்ணில் படும், குளத்துப் படியிலோ வயல் வரப்பிலோ கிடக்கும் ஒரு துண்டுக் கல்லாகக்கூட இருக்கலாம். அதை நகர்த்தாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் பல கோணத்தில் படம் எடுத்து, இடத்தைத் துல்லியமாகக் குறித்து, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ தமிழகத் தொல்லியல் கழகத்துக்கோ தெரிவியுங்கள். அந்தக் கழகத்தின் ‘ஆவணம்’ இதழில் இப்படிப் புதிதாகக் கிடைக்கும் கல்வெட்டுகள்தான் வெளிவருகின்றன. உங்கள் வாசிப்பையும் கூடவே எழுதி அனுப்புங்கள், சந்தேகமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு.